வணிகர்களை ஒன்றுசேர்த்த வள்ளல் ஜமால் முஹம்மது சாஹிப்

நம் சங்கத்து மூத்தவர்கள் சிலரிடம் எங்கே படித்தீர்கள் என்று கேட்டால் "ஜமாலில்" என்று ஒரே சொல்லில் பதில் வரும். திருச்சி ஜமால் முஹம்மது கல்லூரியைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். ஊரிலிருந்து வந்து தங்காக்கில் கடை போட்டவர்கள், ஊரோடு உறவு விடாதவர்கள் என எத்தனையோ குடும்பங்களில் அந்தப் பெயர் ஒரு உறவுக்காரர் பெயர்போலப் புழங்குகிறது. ஆனால் அந்த ஜமால் முஹம்மது யார் என்று கேட்டால், பெரிய பணக்காரர், கல்லூரிக்குக் கொடுத்தவர் என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. பொன்விழா மலருக்கு ஒரு கட்டுரை எழுதச் சொல்லி நிர்வாகத்தினர் கேட்டபோது எனக்கு அவர் நினைவுதான் வந்தது. நான் எழுத்தாளன் அல்ல. பாலிடெக்னிக்கில் டிப்ளோமா முடித்துவிட்டு அத்தாவின் துணிக்கடையில் உட்கார்ந்தவன். ஒரு வியாபாரி இன்னொரு வியாபாரியைப் பற்றி எழுதுவதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

அவர் கல்லூரிக்குக் கொடுத்ததை எல்லோரும் அறிவோம். அதற்கு முன்பே அவர் செய்த ஒரு காரியம் நமக்கு, குறிப்பாகக் கடை வைத்திருப்பவர்களுக்கு, இன்னும் நெருக்கமானது. ஒருவரை ஒருவர் போட்டியாளராகப் பார்த்துக்கொண்டிருந்த வணிகர்களை ஒரு சங்கத்தில் உட்கார வைத்து, அந்தச் சங்கத்தின் குரலை லண்டன் வரை கொண்டுபோனார்.

ஜமால் முஹம்மது சாஹிப் சென்னையில் தோல் வணிகம் செய்த ராவுத்தர் குடும்பத்தில் வந்தவர். தந்தையார் ஹாஜி ஜமால் முஹையித்தீன் சாஹிபும் தோல் வணிகத்தில் பெரும் பொருள் ஈட்டியவர்தான். பெரம்பூரில் உள்ள ஜமாலியா அரபிக் கல்லூரி தந்தையார் நிறுவியது. ஆகவே மகனுக்கு இரண்டு சொத்துகள் கிடைத்தன: ஒன்று தொழில், இன்னொன்று கொடுக்கும் பழக்கம்.

அந்தத் தோல் வணிகம் எப்படி நடந்தது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். துணி விற்கும் நமக்கு அது புதிய உலகம்.

கிராமத்துச் சந்தைகளில் ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் உப்புத் தடவி விலைக்கு வரும். அதைச் சிறு வியாபாரிகள் வாங்கித் தோல் பதனிடும் இடங்களுக்குக் கொண்டுபோவார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை, திண்டுக்கல், திருச்சி, சென்னையைச் சுற்றி பெரம்பூர், பல்லாவரம் என்று பல ஊர்களில் இந்தத் தொழில் நடந்தது. அதில் பெரும்பங்கு நம் சமுதாயத்தார் கையில் இருந்தது. தோலைச் சுண்ணாம்புக் குழியில் ஊறவைத்து, முடி நீக்கி, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் நாள் கணக்கில் போட்டெடுப்பார்கள். கடைசியில் கடுக்காய். தமிழ்நாட்டுத் தரிசு நிலத்தில் தானாக முளைக்கும் ஆவாரஞ்செடிதான் இந்த முழு ஏற்றுமதிக்கும் அச்சாணி. இப்படிப் பாதி பதனிட்ட தோல் சென்னை பெரியமேட்டு மண்டிகளுக்கு வரும். அங்கே தரம் பிரித்து, கட்டுக் கட்டி, கப்பலேற்றினால் லண்டனில் தரகர்கள் ஏலம் விடுவார்கள். அங்கே அது முழுத் தோலாகி, காலணியாகி, உலகம் முழுக்கப் போகும்.

பெரியமேட்டு வணிகர் வெறும் இடைத்தரகர் என்று நினைக்க வேண்டாம். பதனிடுபவருக்கு முன்பணம் கொடுப்பவர் அவர்தான். லண்டனில் விலை விழுந்தால் முதலில் அடி வாங்குபவரும் அவரே. சரக்கு கடலில் இருக்கும்போதே விலை மாறிவிடும். ஏலம் முடிந்து கணக்கு வந்த பிறகுதான் லாபமா நட்டமா என்று தெரியும். சுராபாயாவிலிருந்து பத்தேக் வரவழைத்துப் பெருநாளுக்கு முன் வந்து சேருமா என்று தவிக்கும் நமக்கு அந்த மனநிலை விளங்காமல் இருக்காது.

இந்த வணிகத்தில் ஜமால் முஹம்மது சாஹிப் முன்னணியில் இருந்தார். தனியாளாகவே அதிகாரிகளைப் போய்ப் பார்க்கக்கூடிய செல்வாக்கு அவருக்கு இருந்தது. அப்படியிருக்க, சங்கம் எதற்கு?

இதற்குப் பதில் முதல் உலகப் போரில் இருக்கிறது. 1914-இல் போர் வந்ததும் ராணுவக் காலணிகளுக்குத் தோல் தேவைப்பட்டது. சென்னை மாகாணத்தின் பதனிட்ட மாட்டுத்தோல் அதற்கு ஏற்றது. அரசாங்கமே அந்தத் தோல் முழுவதையும் தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டு, விலையையும் தானே வைத்தது. வாங்குபவர் ஒரே ஒருவர், அவரும் அரசாங்கம். விற்பவர்களோ நூற்றுக்கணக்கில் சிதறிக் கிடந்தார்கள். போர் முடிந்து சில மாதம் விலை ஏறியது. எல்லோரும் சரக்கைக் குவித்தார்கள். 1920-இல் விலை தலைகுப்புற விழுந்தது. எத்தனையோ தோல் மண்டிகள் கதவடைத்தன.

இந்தக் காலத்தை ஒட்டி உருவானதுதான் தென்னிந்தியத் தோல் வணிகர் சங்கம். பெரியமேட்டை மையமாகக் கொண்ட அந்தச் சங்கத்தைக் கட்டி எழுப்பியவர்களில் முதல் பெயர் ஜமால் முஹம்மது சாஹிபுடையது.

சங்கத்துக்கு வந்த முதல் பெரிய வழக்கு ஏற்றுமதி வரி. 1919-இல் அரசாங்கம், பதனிடாத பச்சைத் தோலை வெளிநாட்டுக்கு அனுப்பினால் 15 சதவீத வரி என்று சட்டம் கொண்டுவந்தது. பச்சைத் தோல் வெளியே போகாமல் தடுத்தால் உள்நாட்டிலேயே பதனிடுவார்கள், தொழில் வளரும் என்பது கணக்கு. ஆனால் பிரிட்டிஷ் பேரரசுக்குள் அனுப்பிப் பதனிட்டால் மூன்றில் இரண்டு பங்கு வரி திரும்பக் கிடைக்கும் என்று ஒரு ஓட்டையும் வைத்தார்கள். சென்னையில் பதனிடுவோருக்கு வரி வேண்டும். கல்கத்தா பக்கம் பச்சைத் தோல் ஏற்றுமதி செய்வோருக்கு வரி கூடாது. அந்தப் பக்கத்திலும் முஸ்லிம் வணிகர்கள் நிறைய இருந்தார்கள். ஒரே சமுதாயம், ஒரே சரக்கு, எதிரெதிர் நலன். 1923-இல் வரி 5 சதவீதமாகக் குறைந்தது. சலுகை ஓட்டையும் அடைபட்டது. பதனிடுவோருக்கு அது பாதி வெற்றி, பாதி தோல்வி.

சங்கம் என்றால் எல்லோரும் ஒரே கருத்தில் இருப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் சங்கம் நடத்துகிறவர் செய்ய வேண்டியது வேறு: எத்தனை பேர் இந்தத் தொழிலில் இருக்கிறார்கள், எத்தனை குழிகள், எத்தனை தொழிலாளர்கள், எவ்வளவு சரக்கு கப்பலேறுகிறது என்று எண்ணிக் கையில் வைத்திருப்பது. ஒரு கடைக்காரரின் புலம்பலை அதிகாரி கேட்டுவிட்டு மறந்துவிடுவார். ஒரு தொழிலின் கணக்கை மேசைமேல் வைத்தால் அவர் பதில் எழுதியாக வேண்டும்.

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தபோது நம் துணிக்கடைகள் அடைபட்டது எல்லோருக்கும் நினைவிருக்கும். பெருநாள் மே மாதக் கடைசியில். தையற்காரருக்கு நேரம் வேண்டும் என்பதால் நம் வியாபாரமே மார்ச், ஏப்ரலில்தான். அந்த வருடச் சரக்கு அப்படியே அலமாரியில் இருந்தது. உதவி கேட்டு நான் ஓர் அலுவலகத்துக்கு எழுதினேன். திரும்ப வந்த கேள்வி: உங்கள் ஊரில் எத்தனை துணிக்கடைகள், எத்தனை ஊழியர்கள், தேங்கிய சரக்கின் மதிப்பு என்ன? என் கடைக் கணக்கு என்னிடம் இருந்தது. பக்கத்துக் கடைக் கணக்கை நான் கேட்கவும் முடியாது, கேட்டாலும் அவர் சொல்லமாட்டார். கோலாலம்பூரிலிருந்தும் மலாக்காவிலிருந்தும் துணி வாங்க ஆட்கள் தேடி வரும் ஊர் இது. அந்த ஊரின் துணி வியாபாரம் எவ்வளவு பெரியது என்று சொல்ல எங்களில் ஒருவரிடமும் ஒரு தாள் இல்லை. ஜமால் முஹம்மது சாஹிபைப் பற்றித் தேடிப் படிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

தோல் சங்கத்தோடு அவர் நிற்கவில்லை. சென்னையில் 1836 முதல் ஒரு வர்த்தக சபை இருந்தது. அது ஐரோப்பியக் கம்பெனிகளின் சபை. கப்பல் கட்டணம், துறைமுகம், ரயில், வரி எதுவானாலும் அரசாங்கம் அவர்களைத்தான் கேட்கும். 1906-இல் அர்பத்நாட் என்ற ஆங்கிலேயக் கம்பெனி திவாலாகி, நம்பிப் பணம் போட்டிருந்த ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வந்தன. அந்த அதிர்ச்சியில்தான் 1907-இல் இந்தியன் வங்கி பிறந்தது. 1909-இல் இந்திய வணிகர்கள் தங்களுக்கென்று தென்னிந்திய வர்த்தக சபையை அமைத்தார்கள். சர் பிட்டி தியாகராயர் அதன் முதல் தலைவர். நெசவுத் தொழிலில் அக்கறை கொண்டவர், பிறகு நீதிக்கட்சியை நிறுவியவர்களில் ஒருவர். அந்த நாற்காலியில் பின்னாளில் ஜமால் முஹம்மது சாஹிபும் அமர்ந்தார். செட்டியார்கள், குஜராத்திகள், ஆந்திர வணிகர்கள், நம்மவர்கள் என எல்லோரும் கலந்த சபைக்கு ஒரு தோல் வணிகர் தலைவர் ஆனார்.

அந்த நாட்களில் இந்திய வணிகர்கள் எல்லோரையும் ஒரே பக்கம் நிறுத்திய பிரச்சினை ஒன்று உண்டு: ரூபாயின் மதிப்பு. கொஞ்சம் கணக்கு வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

போருக்கு முன் ஒரு ரூபாய்க்கு 1 ஷில்லிங் 4 பென்ஸ் என்பது வழக்கம். ஒரு பவுண்டுக்கு 240 பென்ஸ். எனவே ஒரு பவுண்டு 15 ரூபாய். 1926-இல் ஹில்டன் யங் கமிஷன் ரூபாய்க்கு 1 ஷில்லிங் 6 பென்ஸ் என்று பரிந்துரைத்தது. 1927-இல் அது சட்டமானது. இப்போது ஒரு பவுண்டுக்குக் கிடைப்பது 13 ரூபாய் 5 அணா சொச்சம். லண்டனில் 1,000 பவுண்டுக்குத் தோல் விற்றவருக்கு முன்பு 15,000 ரூபாய் வந்திருக்கும். இனி 13,333 ரூபாய்தான். ஆவாரம்பட்டை விலையும் குழியில் இறங்குபவரின் கூலியும் ரூபாயில். அவை இறங்கவில்லை. 1,667 ரூபாய் வியாபாரியின் கையிலிருந்து, அவர் மூலம் பதனிடுபவர் கையிலிருந்து, கடைசியில் சந்தையில் தோல் விற்ற கிராமத்தான் கையிலிருந்து போனது. இங்கிலாந்திலிருந்து சரக்கு இறக்குமதி செய்பவருக்கோ அதே அளவு லாபம்.

நமக்கு இது தலைகீழாக நடந்தது. 2014 கடைசியில் ஒரு டாலருக்கு 3 ரிங்கிட் 50 சென் அளவில் இருந்தது, அடுத்த செப்டம்பரில் 4 ரிங்கிட் 30 சென்னைத் தாண்டியது. நான் கடைக்கு வந்த புதிது. டாலரில் பேசி வைத்த துணிக்கு எங்கள் அத்தா எத்தனை ஆயிரம் கூடுதலாகக் கட்டினார் என்று எனக்குத் தெரியும். அதே வருடம் ஏப்ரலில் ஜி.எஸ்.டி. வேறு வந்தது. அத்தா யாரையும் குறை சொல்லவில்லை. கணக்குப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு அஸர் தொழப் போனார்.

1927-இல் இந்திய வணிக சபைகள் எல்லாம் சேர்ந்து ஃபிக்கி என்ற அகில இந்தியக் கூட்டமைப்பை அமைத்தன. ஜி.டி. பிர்லாவும் புருஷோத்தமதாஸ் தாகூர்தாஸும் அதன் தூண்கள். பம்பாய், கல்கத்தா பஞ்சாலை முதலாளிகளும் சணல் முதலாளிகளும் நிறைந்த சபை. அதற்கு 1931-32-ஆம் ஆண்டின் தலைவர் சென்னைத் தோல் வணிகர் ஜமால் முஹம்மது சாஹிப். அந்த நாளில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை நம் பிள்ளைகளுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும்.

அதே ஆண்டில் லண்டனில் இரண்டாவது வட்டமேசை மாநாடு. காந்திஜி காங்கிரஸின் சார்பில் போன மாநாடு அது. அல்லாமா இக்பாலும் ஜின்னா சாஹிபும் அதற்கு வந்தார்கள். இந்திய வணிகர்களின் பிரதிநிதிகளாக தாகூர்தாஸ், பிர்லா, ஜமால் முஹம்மது ஆகியோரைக் கூட்டமைப்பு முன்னிறுத்தியது. செப்டம்பர் 7-இல் மாநாடு தொடங்கியது. இரண்டே வாரத்தில், செப்டம்பர் 21-இல், பிரிட்டன் தங்க நாணய முறையிலிருந்து விலகியது. பவுண்டின் மதிப்பு சரிந்தது. ரூபாய்க்குச் சுதந்திரம் கிடைக்கும் என்று நினைத்தவர்களுக்கு ஏமாற்றம். அதே 1 ஷில்லிங் 6 பென்ஸில் அதைப் பவுண்டோடு கட்டிவிட்டார்கள். இந்தியாவின் பணம் பற்றி இந்தியர்களைக் கேட்காமல், இந்தியப் பிரதிநிதிகள் அதே நகரத்தில் உட்கார்ந்திருக்கும்போதே எடுத்த முடிவு. அந்த விகிதத்தை வணிக சபைகள் பிறகும் எதிர்த்துக்கொண்டே இருந்தன. விடுதலை வரை அது மாறவில்லை.

சங்கங்கள் கேட்டதெல்லாம் கிடைத்தது என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் அது பொய். தோல் வரியில் பாதி கிடைத்தது. ரூபாய் விகிதத்தில் ஒன்றும் கிடைக்கவில்லை. உலகப் பொருளாதார மந்தம் வேறு 1930-களில் தோல் வணிகத்தை நசுக்கியது. பல பெரிய வீடுகள் சிறியவையாயின. ஆனாலும் 1920-க்குப் பிறகு தென்னிந்திய வணிகர்களைக் கேட்காமல் துறைமுகம் பற்றியோ சரக்குக் கட்டணம் பற்றியோ அரசாங்கம் பேச முடியாத நிலை வந்தது. சென்னைச் சட்டசபையில் தென்னிந்திய வர்த்தக சபைக்கென்று தனி இடமே இருந்தது. கடல் கடந்தும் இந்த வழக்கம் பரவியது. சிங்கப்பூர் இந்திய வணிகர்கள் 1924-இல் சங்கம் அமைத்தார்கள். இங்கே மலாயாவின் இந்திய வர்த்தக சபைகள் 1950-இல் ஒரே கூட்டமைப்பாயின.

அவருடைய அரசியலைச் சுருக்கமாகச் சொல்கிறேன். காயிதே மில்லத் இஸ்மாயில் சாஹிபுக்கு முன் சென்னை மாகாண முஸ்லிம் லீக்கின் தலைமையில் இருந்தவர் அவர். காயிதே மில்லத்தும் தோல் வணிகத்திலிருந்து பொதுவாழ்வுக்கு வந்தவர்தான். பெரியமேடு நமக்குத் தோலை மட்டும் தரவில்லை.

இனி அவருடைய கொடை. பள்ளிகள், மாணவர் உதவி என்று அவர் கொடுத்தவை பல. எனக்குப் பிடித்தது ஒன்று. தென்னிந்திய முஸ்லிம் கல்விச் சங்கத்தின் பெயரில் அறிஞர்களைச் சென்னைக்கு அழைத்துச் சொற்பொழிவு நிகழ்த்தச் செய்ய அவர் செலவு செய்தார். 1925-இல் அல்லாமா சுலைமான் நத்வி வந்தார். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் வாழ்வு பற்றி அவர் ஆற்றிய எட்டு உரைகள் மதராஸ் உரைகள் என்ற பெயரிலேயே நூலாகி இன்றும் படிக்கப்படுகின்றன. 1927-இல் மர்மடியூக் பிக்தால் வந்தார். பின்னர் குர்ஆனை ஆங்கிலத்தில் தந்தவர் அவர். 1929 ஜனவரியில் இக்பால் வந்தார். அவர் மதராஸில் படித்த கட்டுரைகள் இஸ்லாமியச் சிந்தனையின் மறுசீரமைப்பு பற்றிய அவருடைய புகழ்பெற்ற நூலில் இடம்பெற்றன. அந்த நூல் உலகத்தின் எத்தனையோ பல்கலைக்கழகங்களில் பாடம். அதன் செலவுக் கணக்கு ஒரு தோல் மண்டியில் எழுதப்பட்டது.

மார்க்க அறிஞர் ஒருவர், ஆங்கிலேய நாவலாசிரியராக இருந்து இஸ்லாத்துக்கு வந்தவர் ஒருவர், கவிஞரும் தத்துவ அறிஞருமான ஒருவர் என மூவரையும் அழைத்ததைப் பாருங்கள். தன் கருத்துக்கு ஒத்துப் பேசும் ஒருவரையே திரும்பத் திரும்ப மேடையேற்றுபவர் அல்லர் அவர். சங்கத்தில் எதிரெதிர் நலன்களை ஒரே மேசையில் உட்கார வைத்த பழக்கம்தான் இங்கேயும் தெரிகிறது என்பது என் எண்ணம்.

திருச்சிக் கல்லூரி 1951-இல் தொடங்கியது. ஜமால் முஹம்மது சாஹிபையும் என்.எம். காஜாமியான் ராவுத்தரையும் அதன் நிறுவனர்கள் என்று கல்லூரி இன்றும் கொண்டாடுகிறது. காஜாமியான் ராவுத்தர் பெயர் நம் பேச்சில் விட்டுப்போகிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடித்தால் தவறு. சட்டப்படி முஸ்லிம் கல்லூரி என்றாலும் எல்லாச் சமுதாயத்துப் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள், படிக்கிறார்கள். நம் கடைத்தெருவில் முடி வெட்டும் கடை வைத்திருக்கும் இந்து அண்ணன் ஒருவரின் தம்பிகூட அங்கே படித்தவர்தான். அவரும் "ஜமால்" என்றே சொல்கிறார்.

நம் சங்கத்தின் 50 ஆண்டுகளில் திருமண உதவி, ஜனாஸா உதவி, பிள்ளைகளுக்கு டியூஷன், நோன்புக் கஞ்சி எல்லாம் நடந்திருக்கின்றன. கடைக் கணக்கு மட்டும் அவரவர் மேசை இழுப்பறையில் இருக்கிறது. போன வருடம் நானும் இன்னும் மூன்று இளைஞர்களும் சேர்ந்து ஒரு சிறு காரியம் தொடங்கினோம். உறுப்பினர்களின் கடைகள் எத்தனை, ஊழியர் எத்தனை பேர், எந்த மாதத்தில் வியாபாரம் என்று, பெயர் போடாமல், எண்ணிக்கை மட்டும் எழுதி வாங்குகிறோம். லாபம் எவ்வளவு என்று கேட்பதில்லை. கேட்டால் டீ கிடைக்காது என்று எங்களுக்குத் தெரியும். இதுவரை பாதிக் கடைகள்தான் தந்திருக்கின்றன. மீதிக் கடைகளுக்கு இந்த மலரை எடுத்துக்கொண்டு திரும்பப் போவதாக இருக்கிறோம்.

துணி எடுக்கச் சென்னைக்குப் போகும்போது பெரம்பூர் பக்கம் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஜமாலியா என்று ஒரு பகுதியே அங்கே இருக்கிறது. பஸ்ஸில் போனால், கண்டக்டரிடம் ஜமாலியா ஒன்று என்று சொல்லி டிக்கெட் வாங்குபவர்களைக் கேட்கலாம்.